செருப்பைத் தேடிக்கொண்டே சொன்ன ஆலோசனை: பி.எட். படிப்பும் நம் அமானிதமும்



நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும் நேரத்தில் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டார். அவருடைய மகள் சிறு வயதில் எங்கள் மக்தபில் ஓதியவள். "ஹஜ்ரத், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். காமர்ஸ் பிரிவு. மேற்கொண்டு என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்டார். செருப்பைத் தேடிக்கொண்டே நான் பதில் சொன்னேன்: "பி.காம். சேருங்கள் பாய். அப்புறம் ஒரு பி.எட். போட்டுவிடுங்கள். பெண் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் பாதுகாப்பு. சாயங்காலம் வீடு வந்து சேரலாம்." அவர் துஆச் செய்யச் சொன்னார். செய்தேன். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

மூன்றாண்டுகள் கழித்து அதே மனிதர் என்னைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. மகள் நல்ல மதிப்பெண்களுடன் பி.காம். முடித்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பி.எட். சேர்க்கைக்குப் போன இடத்தில் விண்ணப்பத்தையே வாங்கவில்லை. தமிழ்நாட்டில் வணிகவியல் படித்தவர் பி.எட். சேர வேண்டுமானால் முதுகலை, அதாவது எம்.காம்., முடித்திருக்க வேண்டும். பொருளியல், மனையியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். இது நேற்று முளைத்த விதியன்று. சேர்க்கைக்கான வழிகாட்டிக் குறிப்பில் அச்சிடப்பட்டிருப்பது. நான் அதைப் படித்ததில்லை. அந்தத் தந்தையும் படித்ததில்லை. அந்தப் பெண் மூன்றாண்டு பயின்ற கல்லூரியில் ஒரு பேராசிரியர்கூட அவளிடம் அதைச் சொன்னதில்லை.

விதிக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. அது சிக்கலானதும் அன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறு முதல் பத்து வரை வணிகவியல் என்ற பாடமே இல்லை. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவைதாம் உள்ளன. ஆகவே பட்டதாரி ஆசிரியர் பணியிடமும் அந்தப் பாடங்களுக்கே. வணிகவியலும் பொருளியலும் மேல்நிலை வகுப்பில்தான் தொடங்குகின்றன. அங்கே கற்பிப்பவர் முதுகலை ஆசிரியர். இளங்கலை வணிகவியலும் பி.எட்.டும் மட்டும் வைத்திருப்பவர் நிற்பதற்கு அரசுப் பள்ளிக் கட்டமைப்பில் இடமே இல்லை. பத்து நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை.

அந்தத் தந்தை என்னைக் குறை சொல்ல வரவில்லை. அவர் வந்தது மார்க்கத் தீர்ப்புக் கேட்க. ஒரு தரகர் அவரிடம், "வேறு மாநிலத்தில் பி.காம்.முக்கே பி.எட். இடம் வாங்கித் தருகிறேன். வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும். வருகையைக் கல்லூரியே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லியிருக்கிறார். "இது கூடுமா, ஹஜ்ரத்?"

கூடாது என்றேன். வராத நாளில் வந்ததாகப் பதிவேட்டில் எழுதுவது பொய். அந்தப் பொய்யைக் காசு கொடுத்து வாங்குவது இன்னொரு பாவம். அதை வைத்துப் பெறும் ஊதியம் காலமெல்லாம் நெஞ்சை உறுத்தும். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தரகருக்கு ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எனக்கு என்ன தீர்ப்பு?

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஒரு நிகழ்ச்சியை நாங்கள் மதரஸாவில் தயம்மும் பாடத்தில் நடத்துவோம். ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம் ஏற்பட்டது. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரைக் கொன்றவர்கள் அந்த ஆலோசனை சொன்னவர்களே என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்பது அந்தக் கண்டனத்தின் சாரம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஹதீஸை நடத்துகிறேன். தயம்முமைத் தாண்டி அது என்னையும் தொடும் என்று அன்றுவரை நினைத்ததில்லை.

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பதும் நபிமொழியே. நம்மில் யாரேனும் பத்துப் பவுன் நகையை ஒருவரிடம் அமானிதமாகக் கொடுத்தால் அவர் இரவெல்லாம் விழித்துக் காப்பார். ஒரு பிள்ளையின் ஐந்து, ஆறு ஆண்டு ஆயுளை நம் கையில் கொடுத்துக் கேட்கிறார்கள். நாம் செருப்பைத் தேடிக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறோம்.

இது என் ஒருவனுடைய குற்றம் என்றால் இங்கே எழுத வேண்டியதில்லை. தவ்பா செய்துவிட்டு இருந்துவிடுவேன். ஆனால் இந்த ஆலோசனை நம் சமுதாயத்தின் பொதுவாய்பாடாகிவிட்டது. "ஏதாவது ஒரு டிகிரி, பிறகு ஒரு பி.எட்." வாப்பாமார் சொல்கிறார்கள், மாமாமார் சொல்கிறார்கள், நிக்காஹ் பேச வருகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். இந்த ஒற்றை வரியில் மூன்று பிழைகள் ஒளிந்திருக்கின்றன: எந்தப் பட்டமானாலும் ஒன்றுதான் என்பது முதலாவது, பி.எட். என்பது பட்டத்தின் மேல் ஒட்டும் வில்லை என்பது இரண்டாவது. அந்தப் பெண்ணுக்குக் கற்பிக்க விருப்பமா என்று கேட்க வேண்டியதில்லை என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஆசிரியப் பணியைப் பாதுகாப்பான வேலை என்று மட்டும் பார்ப்பவர், அந்த வகுப்பறையில் உட்காரப்போகும் நாற்பது பிள்ளைகளைப் பார்ப்பதே இல்லை. விருப்பமில்லாத உஸ்தாதிடம் ஓதிய பிள்ளையின் நிலை என்ன என்பது மதரஸாவில் இருக்கும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நபி (ஸல்) அவர்கள் கல்விக்கு ஆள் தேர்ந்த முறையைப் பாருங்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அப்போது இளம்பிராயத்தினர். யூதர்களுடைய எழுத்தைக் கற்றுவருமாறு அவரைப் பணித்தார்கள். காரணம் இருந்தது: வரும் கடிதங்களைப் படிக்கவும் பதில் எழுதவும் நம்பிக்கையான ஒருவர் தேவை. ஆளும் தேர்ந்த ஆள்: அபாரமான நினைவாற்றல் உள்ளவர். அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதீயில் வருகிறது. தேவை எது, அதற்கு எந்தக் கல்வி, அதற்குத் தகுதி யாரிடம் என்ற மூன்றும் அங்கே ஒன்றாகப் பார்க்கப்பட்டன. ஹலால் ஹராம் விவரங்களில் முஆத் (ரலி), கிராஅத்தில் உபை (ரலி), வாரிசுரிமைச் சட்டத்தில் ஸைத் (ரலி) என்று தோழர்கள் ஒவ்வொருவரின் பாடமும் பெருமானாருக்குத் தெரிந்திருந்தது. நம் வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தால், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் கைகொடுக்கிறது என்று எத்தனை அத்தாமார் சொல்வார்கள்?

இனி விவரத்துக்கு வருகிறேன். விவரம் இல்லாமல் கண்டிப்பது பயான். அதை நான் வாரந்தோறும் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஆசிரியராக விரும்பும் பிள்ளையின் பாதை பட்டப்படிப்பு முடிந்த பின் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பு முடித்து, பதினோராம் வகுப்பில் பிரிவு எடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது பிள்ளைக்கு வயது பதினைந்து. பக்கத்துப் பெண்கள் பள்ளியில் காமர்ஸ் பிரிவுதான் இருக்கிறது, பேருந்து ஏற வேண்டியதில்லை என்று ஒரு முடிவு எடுக்கிறோம். அந்த முடிவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது பதினேழு, பி.காம். முடித்தால் இருபது, எம்.காம். முடித்தால் இருபத்திரண்டு, பி.எட். முடித்தால் இருபத்துநான்கு. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு என்பதையே அறியாமல், "ஒரு வருஷம்தானே" என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. ஆங்கிலமோ கணிதமோ வரலாறோ இளங்கலை எடுத்த பிள்ளை இருபத்திரண்டில் அதே பி.எட்.டை முடித்துவிடுவாள். இருபத்தொன்றில் நிக்காஹ் முடித்துவிட வேண்டும் என்று மனத்துக்குள் தீர்மானித்திருக்கிற வீட்டில் முதல் கணக்கு ஒருபோதும் நிறைவேறாது. நடுவில் நின்றுபோகும். நின்றுபோன பிறகு கத்ர் என்பார்கள்.

சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே விருப்பம் என்கிற பெண்ணுக்கு பி.எட். வழியே அன்று. ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்குரிய தகுதி, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் படிக்கும் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம். நம் மக்கள் டீச்சர் டிரெய்னிங் என்று சொல்வது அதைத்தான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018-இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, பி.எட். முடித்தவரும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்றது. அதை நம்பிப் பலர் பி.எட். பக்கம் போனார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று முடிவாகச் சொல்லிவிட்டது. சிறு குழந்தைக்குக் கற்பிப்பது தனிக் கலை, பெரிய பட்டம் அதற்கு ஈடாகாது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அலிஃப், பே சொல்லிக்கொடுப்பவர் புகாரி நடத்துபவரைவிடக் குறைந்தவர் என்று நினைக்கிற நம் மதரஸா உலகமும் அந்தத் தீர்ப்பைப் படித்தால் நல்லது. பத்தொன்பது வயதில் முடிந்துவிடக்கூடிய படிப்பு அது. விருப்பமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் "டிகிரி இல்லையே, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்" என்று அதைத் தள்ளிவிட்டு, அவளுக்குப் பிடிக்காத ஐந்தாண்டுப் பாதையில் பிள்ளையை ஏற்றிவிடுகிறோம்.

அடுத்தது தகுதித் தேர்வு. 2010 ஆகஸ்ட் முதல், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம். இரண்டாம் தாளில் 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். தமிழ் இலக்கியம் படித்தவளும் அந்த அறுபதுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தாவரவியல் படித்தவள் கணிதத்தையும் எதிர்கொள்ள வேண்டும். கல்லூரியில் முதலாம் ஆண்டிலேயே இதைச் சொல்லியிருந்தால், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான பாடப்புத்தகங்களை அவள் ஐந்தாண்டுகளில் நிதானமாகப் படித்து முடித்திருப்பாள். இப்போது பி.எட். சான்றிதழ் கைக்கு வந்தபிறகு, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறாள்.

"நம் சமுதாயப் பள்ளியில் டெட் கேட்க மாட்டார்கள்" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். சிறுபான்மைப் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி அதே நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களில் ஐந்தாண்டுகளுக்கு மேல் பணிக்காலம் எஞ்சியிருப்போரும் இரண்டாண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று சொன்னது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய பழைய தீர்ப்பையே மறுஆய்வுக்குரியதாகக் கருதிப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. அந்தச் சலுகையின் மேல் முப்பது ஆண்டு வாழ்க்கையைக் கட்டச் சொல்பவர் அறிவுடையவரா? அது இருக்கட்டும். டெட் கேட்காத நம் பள்ளிகளில் சில, அதையே காரணமாக்கி அந்தப் பெண்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நடத்தும் பள்ளிகள் அவை.

ஆலிமா படிக்கும் பிள்ளைகளைப் பற்றி இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஏனென்றால் இங்கே குற்றவாளிகள் நாங்கள்தான். பத்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி, பெண்கள் அரபிக் கல்லூரியில் சேர்க்கிறார்கள். ஐந்தாண்டு ஓதிப் பட்டம் பெறுகிறாள், மாஷா அல்லாஹ். பிறகு அவளுக்கு ஆசிரியையாக ஆசை வருகிறது. இயல்பான ஆசை, ஓதியவளுக்கு ஓதிக்கொடுக்கத்தான் தோன்றும். ஆலிமா ஸனது அல்லாஹ்விடம் மதிப்புடையது, இன்ஷா அல்லாஹ்; பல்கலைக்கழகத்தில் அது இளங்கலைப் பட்டமாக எண்ணப்படாது. அப்போது யாரோ ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமலேயே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக பி.ஏ. எழுதலாம் என்கிறார். எழுதுகிறாள். பட்டமும் வருகிறது. ஆனால் பத்து, பன்னிரண்டு, அதன் பின் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தை பி.எட். சேர்க்கைக்கோ அரசுப் பணிக்கோ தமிழ்நாட்டில் ஏற்பதில்லை. தலைகீழாக உளூச் செய்துவிட்டு, எல்லா உறுப்பும் நனைந்துவிட்டதே என்று கேட்டால் ஷாஃபி மத்ஹபில் என்ன பதில் சொல்வோமோ அதே பதிலைத்தான் சான்றிதழ் சரிபார்க்கும் அதிகாரியும் சொல்கிறார்: தர்தீப் இல்லை. அரபிக் கல்லூரியில் ஓதும்போதே தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பை எழுத வைத்திருந்தால், அதன் பின் ஓதிக்கொண்டே அஞ்சல்வழியில் முறையான பட்டம் படிக்க வைத்திருந்தால், இருபத்திரண்டு வயதில் அவள் இரண்டு உலகத்துக்கும் தகுதியான ஆசிரியை. இதைச் செய்யும் அரபிக் கல்லூரிகள் இருக்கின்றன. அல்லாஹ் அவற்றுக்கு பரக்கத் செய்வானாக. செய்யாதவை, சேர்க்கைப் படிவத்திலாவது இந்த உண்மையை எழுதி வைக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனியார் கல்லூரிக்கும் தரகருக்கும் ஓடும் முன், 7 அரசுக் கல்வியியல் கல்லூரிகளும் 14 அரசு உதவி பெறும் கல்லூரிகளும் தமிழ்நாட்டில் இருப்பதையும், அவற்றில் விண்ணப்பித்து மதிப்பெண் அடிப்படையில் இடம் பெறலாம் என்பதையும், 2007 முதல் நமக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருப்பதையும் எத்தனை பேர் அறிவோம்? அந்த ஒதுக்கீடு முஸ்லிம் என்ற பெயருக்கு மட்டும் கிடைப்பதன்று. லெப்பை, தக்கனி, சேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் சாதிச் சான்றிதழில் இருக்க வேண்டும். மூத்த பிள்ளையின் சான்றிதழில் ஒன்றும் இளைய பிள்ளையின் சான்றிதழில் வேறொன்றும் எழுதி வைத்திருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

தரகர் விஷயத்துக்கு மீண்டும் வருகிறேன். வராமலே பி.எட். என்ற வியாபாரம் நம் மஹல்லாக்களில் வெளிப்படையாக நடக்கிறது. நிக்காஹ் அழைப்பிதழைப் போல வாட்ஸ்அப்பில் வருகிறது. விதிப்படி வகுப்புக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். இரண்டாண்டில் 20 வாரங்கள் பள்ளி சார்ந்த பயிற்சி. அந்த இருபது வாரங்கள்தாம் பி.எட். படிப்பின் உயிர், குறும்புக்காரப் பையனை அடிக்காமல் எப்படி உட்கார வைப்பது என்பதை ஒருவர் அங்கேதான் கற்கிறார். அதை விலைக்கு வாங்கியவர் கையில் நம் பிள்ளைகளை ஒப்படைக்கிறோம். வட்டிக்காரனை வீட்டு வாசலில் நிறுத்திப் பேசுகிற மார்க்கப்பற்றுள்ள தந்தைகூட இந்தத் தரகரை உள்ளே உட்கார வைத்துத் தேநீர் கொடுக்கிறார். பயிற்சிக் காலத்தின் நடுவில் நிக்காஹ் தேதி வைத்துவிட்டு, "கல்லூரியில் பேசி அட்டெண்டன்ஸ் வாங்கிவிடலாம்" என்று சொல்வதும் இதே வியாபாரம்தான். தரகருக்குக் கூலி இல்லை, அவ்வளவே வேறுபாடு.

இதையெல்லாம் சொன்னால் இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, ரிஸ்க் அல்லாஹ் கையில், இவ்வளவு கணக்கு எதற்கு என்பது. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஓதுகிறோம். ஏழாண்டு விளைச்சல், ஏழாண்டுப் பஞ்சம். ரிஸ்க் அல்லாஹ்விடம் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆயினும் அறுத்த தானியத்தைக் கதிரிலேயே விட்டுவைக்க வேண்டும், உண்பதற்குரிய சிறிதளவை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும் என்ற நுணுக்கம் வரை திட்டம் சொன்னார்கள். பதினான்கு ஆண்டுக்குத் திட்டமிட்ட நபியை நம்புகிறவர்கள், ஐந்தாண்டுப் படிப்புக்கு ஒரு தாளில் கணக்குப் போடுவதைத் தவக்குலுக்கு எதிரானது என்கிறோம்.

மற்றொன்று, அவள் என்ன வேலைக்கா போகப்போகிறாள் என்பது. போகாவிட்டால் போகட்டும்; அது அவளும் அவள் குடும்பமும் மஷூரா செய்து முடிவெடுக்க வேண்டியது. ஆனால் பி.எட். பொது அறிவுக்காகப் படிக்கும் படிப்பன்று, ஒரு தொழிலுக்கான பயிற்சி. வேலை வேண்டாம் என்றால் அவளுக்குப் பிடித்த இலக்கியத்தையோ வரலாற்றையோ ஆற அமரப் படிக்க விடுங்கள். வேலைக்குப் போகவும் வேண்டாம், பி.எட். சான்றிதழும் வேண்டும் என்றால், அது பயோடேட்டாவில் எழுதுவதற்கு. தலாக் ஆகியோ கணவனை இழந்தோ திரும்பி வந்த பெண்கள் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, பாடம் பொருந்தவில்லை, வரிசை சரியில்லை, தகுதித் தேர்வு இல்லை என்று கேட்டுத் திரும்புவதை நான் பார்த்துவிட்டேன். அவர்களில் இருவர் என் மக்தபில் ஓதியவர்கள்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் மே மாதத்தில், ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரோ பணியில் இருக்கும் ஓர் ஆசிரியையோ இருப்பார்கள். அவர்களை நான்கு வெள்ளிக்கிழமைகள் அஸருக்குப் பின் உட்கார வையுங்கள். பெண்களுக்குத் தனியே ஆசிரியை. கல்வியியல் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை வழிகாட்டி, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கடைசி அறிவிக்கை, எந்தப் பட்டம் எந்தப் பட்டத்துக்கு இணை என்று அரசு வெளியிட்ட ஆணைகள் ஆகியவற்றை அச்செடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். மீலாது மேடைக்குப் பந்தல் போடும் செலவில் இருபதில் ஒரு பங்கு ஆகாது. பெயர் புதிதாக இருக்கும் பட்டங்களில் சேரும் முன் அந்தக் கோப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்; நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் என்று கவர்ச்சியாக ஒரு பெயர் இருக்கும், அதற்கும் விலங்கியலுக்கும் பள்ளிப் பணியில் இணைத்தன்மை உண்டா என்பது தனிக் கேள்வி.

இமாம்களாகவும் உஸ்தாதுகளாகவும் இருக்கும் என் சகோதரர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கமானது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32-க்குத் தெரியாது என்றே பதிலளித்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. மதீனாவின் இமாம் அவர்கள். கேட்கப்பட்டதோ மார்க்கச் சட்டம். பி.எட். சேர்க்கை விதியைப் பற்றித் தெரியாது என்று சொல்ல நமக்கு என்ன கௌரவக் குறைவு?

அந்தப் பெண் இப்போது எம்.காம். முதலாண்டு படிக்கிறாள். தரகரை அத்தா திருப்பி அனுப்பிவிட்டார். இதற்கிடையே ஒரு சம்பந்தம் வந்தது. பேச்சுவார்த்தைக்கு என்னையும் அழைத்தார்கள். நானே கேட்டு வாங்கிய அழைப்பு என்றும் சொல்லலாம். நிக்காஹில் பேசிக்கொள்ளும் நிபந்தனைகள் நிறைவேற்றப்பட மிகத் தகுதியானவை என்ற ஹதீஸை எடுத்துச் சொல்லி, எம்.காம்.மும் அதன் பின் இரண்டாண்டு பி.எட்.டும் முடிக்கும்வரை படிப்பைத் தடுப்பதில்லை, பயிற்சி வாரங்களில் விருந்து, விசேஷம் என்று அழைப்பதில்லை என்று இரு தரப்பும் எழுதிக்கொள்ள வேண்டும் என்றேன். மாப்பிள்ளையின் உம்மா, "எம்.காம். போதாதா ஹஜ்ரத், அதற்கு மேல் எதற்கு?" என்று கேட்டார். கோப்பிலிருந்து சேர்க்கை வழிகாட்டியை எடுத்து, வணிகவியல் என்ற வரியைக் காட்டி, முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை பேசினோம். தொழுதுவிட்டு வந்து மாப்பிள்ளை கையெழுத்திட்டார்.